போகாத ஊருக்குத் தூரம் சொன்னவர்கள்

கேள்வி இதுதான். தாராபுரத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார்: எட்டாவது படிக்கும் மகள் பள்ளியில் ‘விண்வெளியைப் புரிய வைத்த விஞ்ஞானிகள்’ என்று ஐந்து நிமிஷம் பேச வேண்டும், தேடினால் எல்லாப் பட்டியலிலும் கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன், ஹாக்கிங் என்று அதே நாலு பேர்தான் வருகிறார்கள், இதில் யாருக்கு முதலிடம் கொடுக்கலாம்? கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரி: ‘அங்க யாருமே போனதில்லையே, அப்புறம் எவ்வளவு தூரம்னு எப்படிப்பா சொல்றாங்கன்னு பாப்பா கேக்குது, எனக்குப் பதில் தெரியலைங்க.’

ஏனுங்க, உங்கள் கேள்வியை விட அந்தப் பாப்பாவின் கேள்வி பெரியது. போகாத ஊருக்கு வழி சொல்கிறான் என்று நாம் கிண்டலாகச் சொல்வோம். வானியல் முழுக்கவே போகாத ஊருக்குத் தூரம் சொல்கிற வேலைதான். வானத்தில் தெரிகிற ஒரு புள்ளி பக்கத்தில் இருக்கிற சின்ன விளக்கா, தூரத்தில் எரிகிற பெரிய விளக்கா என்று தெரியாதவரை அதைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் ஊகம்தான். அதனால் முதலிடம் யாருக்கு என்பதை, தூரம் அளக்க யார் என்ன கோல் செய்து கொடுத்தார்கள் என்ற வழியில் போய்ப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருப்பூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 31 வருஷம் இயற்பியல் எடுத்தவன். வானியல் எனக்குப் படிப்பு இல்லை, பித்து. ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றை நானே மாதக்கணக்கில் தேய்த்து, குழாயையும் ஸ்டாண்டையும் கோவையில் தெரிந்த லேத் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கி, அதை வைத்துத்தான் பிள்ளைகளுக்கு வானம் காட்டினேன். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கணக்கை நான் முழுசாகப் போட்டுப் பார்த்ததில்லை, அந்தப் பக்கம் பெரியவர்கள் சொன்னதைத்தான் சொல்வேன். மற்றதில் பாதிக்கு மேல் கையால் செய்து பார்த்தது.

முதல் கோல் ஒரு குச்சி. சுமார் 2,200 வருஷத்துக்கு முன்னால் அலெக்சாந்திரியாவில் இருந்த எரடோஸ்தனிஸ், தெற்கே சையீனி என்ற ஊரில் வருஷத்தின் மிக நீண்ட பகலில் நடுமதியத்தில் நிழலே விழுவதில்லை, அதே நேரம் தன் ஊரில் 7.2 டிகிரி அளவுக்கு நிழல் சாய்கிறது என்று பார்த்தார். 7.2 என்பது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, ஆக இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. இதை நாங்கள் செய்து பார்த்தோம். திருப்பூரும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, ஒன்று நேர் தெற்கு, ஒன்று நேர் வடக்கு. பனியன் ஏற்றுமதி வேலையாக டெல்லியில் இருந்த பழைய மாணவன் ஒருவன் அங்கே மொட்டை மாடியில் குச்சி நட்டான், இங்கே பிள்ளைகள் நட்டார்கள், ஒரே நாள் நடுமதியம். நம்மூரில் ஏப்ரல் 19-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் நடுமதியத்தில் நிழலே விழாது, அந்த நாளாகப் பார்த்துச் செய்தால் இங்கே அளக்கவே வேண்டியதில்லை. எங்களுக்கு வித்தியாசம் 18 டிகிரி வந்தது, வரைபடத்தில் நேர்த்தூரம் சுமார் 1,940 கி.மீ., கணக்குப் போட்டால் 38,800 கி.மீ. உண்மையான அளவு 40,000-ஐ ஒட்டி. ஒரு குச்சிக்கும் ஒரு போன் காலுக்கும் இது போதாதா? எரடோஸ்தனிஸின் சொந்த விடை எவ்வளவு துல்லியம் என்பதில் மட்டும் அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை, ஏனென்றால் அவர் சொன்ன ‘ஸ்டேடியம்’ என்ற அளவு இன்றைக்கு எத்தனை மீட்டர் என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. முறை சரி என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

உங்கள் பட்டியலில் முதல் இரண்டு பேரை வேகமாகக் கடந்துவிடுகிறேன், அவர்களைப் பற்றிப் பாடப்புத்தகமே போதுமான அளவு சொல்லிவிடுகிறது. கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றி நாலு நிலாக்களைப் பார்த்தார், எல்லாமே பூமியைத்தான் சுற்ற வேண்டும் என்ற பிடிவாதம் அங்கே உடைந்தது. மேகம் இல்லாத இரவில் சாதாரண பைனாகுலரிலேயே அந்த நாலும் தெரியும், கையை மட்டும் ஆட்டாமல் பிடிக்க வேண்டும். ஆனால் பைசா கோபுரத்திலிருந்து குண்டு போட்ட கதையைப் பாப்பா சொல்ல வேண்டாம், அது அவருடைய சீடர் பிற்பாடு எழுதியது, நடந்ததா என்பதிலேயே வரலாற்று ஆசிரியர்களுக்குச் சந்தேகம். நியூட்டன் ஆப்பிள் விழுந்ததைப் பார்த்து யோசித்ததாக வயதான காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தலையில் விழுந்தது என்பது பின்னால் ஒட்டியது. அவருடைய கணக்குக்குச் சாட்சி வேண்டுமானால் 2019 டிசம்பர் 26 போதும். அன்றைக்குக் காலை ஒன்பதரை மணி வாக்கில் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்துக்கு மேல் சூரியன் வளையமாகும் என்று பல வருஷத்துக்கு முன்பே நிமிஷக் கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள், அந்த நிமிஷத்தில் நிலா வந்து நின்றது. கெப்ளரும் நியூட்டனும் சொன்னது தப்பாக இருந்தால் அன்றைக்கு மானம் போயிருக்கும்.

இப்போது நட்சத்திரத்துக்குப் போவோம். கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்து, அப்படியே கண்ணை மாற்றினால் விரல் இடம் மாறுகிற மாதிரி தெரியும். விரல் தள்ளிப் போகப் போக மாற்றம் குறையும். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஆறு மாசத்துக்கு ஒரு முறை நமக்கும் ‘கண் மாறுகிறது’, அதனால் பக்கத்து நட்சத்திரம் பின்னாலிருக்கும் நட்சத்திரங்களுக்கு முன்னே லேசாக நகர்ந்து தெரிய வேண்டும். கோபர்நிகஸ் சொன்னது நிஜமானால் இந்த நகர்வு எங்கே என்று கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நியாயமான கேள்விதான். 1838-இல் ஜெர்மானியர் பெசல், அன்னம் விண்மீன் குழுவில் 61 சிக்னி என்ற மங்கலான நட்சத்திரத்தில் அதைப் பிடித்தார். அவருக்குக் கிடைத்த கோணம், ஒரு டிகிரியை 3,600 கூறாக்கினால் அதில் ஒரு கூறின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் ஒரு ரூபாய் நாணயத்தைத் தூக்கிப் பிடிக்க, அதை நீங்கள் திருப்பூரிலிருந்து பார்த்து அகலம் சொல்வது போல. அந்த நட்சத்திரம் சுமார் 11 ஒளியாண்டு (ஒளி ஒரு வருஷம் ஓடுகிற தூரம்தான் ஒரு ஒளியாண்டு) தள்ளி இருக்கிறது. இந்த முறையில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, வெறும் முக்கோணக் கணக்கு. ஆனால் பூமியிலிருந்து அளந்தவரை சில நூறு ஒளியாண்டுக்கு மேல் இந்தக் கோல் எட்டவில்லை. 2013-இல் ஏவிய கையா விண்கலம் வந்துதான் நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை இதே முறையில் அளந்தது.

அதற்கு அப்பால் என்ன செய்வது? இங்கேதான் நான் உட்கார்ந்து பேச விரும்புகிற ஆள் வருகிறார், உங்கள் பட்டியலில் இல்லாத ஆள். தாராபுரம் ரோட்டில் ராத்திரி பஸ்ஸில் போகும்போது தூரத்துத் தோட்டங்களில் மோட்டார் ரூம் பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாமே நாற்பது வாட் என்று தெரிந்தால் மங்கலாக எரிவது தூரத்துத் தோட்டம் என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் ஜீரோ வாட்டா, தூரத்தில் ஹாலஜனா என்று தெரியாததுதான் சிக்கல். நட்சத்திரத்தின் வாட்டை யார் போய்ப் படிப்பது?

ஹென்ரியட்டா லெவிட். அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தில் புகைப்படக் கண்ணாடித் தகடுகளை லென்ஸ் வைத்துப் பார்த்து நட்சத்திரங்களின் பிரகாசத்தைக் குறித்து வைக்கும் வேலை. அங்கே இதற்குப் பெண்களைத்தான் வைத்தார்கள், கூலி குறைவு என்பதும் ஒரு காரணம். லெவிட்டுக்கு மணிக்கு 30 சென்ட், அதுவே மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதல். காது சரியாகக் கேட்காது. தொலைநோக்கியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை அன்றைக்குப் பெண்களுக்குக் கொடுக்கப்படவில்லை. பெரு நாட்டில் அரெக்கிப்பாவில் எடுத்து அனுப்பிய தகடுகளில் மெகல்லன் மேகங்கள் என்ற இரண்டு ஒளித்திட்டுகள் இருந்தன (தென்கோடி வானத்தில் இருப்பவை, நம்மூரிலிருந்து தொடுவானத்தை ஒட்டித்தான் வரும்). அவற்றில் ஏறி இறங்கி மினுக்கும் நட்சத்திரங்கள் 1,777-ஐ எண்ணி 1908-இல் பட்டியல் போட்டார். அதே கட்டுரையில் ஒரு சின்னக் குறிப்பு: அதிகப் பிரகாசமானவை மெதுவாக மினுக்குகின்றன. 1912-இல் செபீட் என்ற வகையைச் சேர்ந்த 25 நட்சத்திரங்களை வைத்துக் கோடு போட்டே காட்டிவிட்டார். ஏறி இறங்க எத்தனை நாள் என்று தெரிந்தால் அது எத்தனை ‘வாட்’ என்று சொல்லலாம்.

இது ஏன் பிடிபட்டது என்பதைப் பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுங்கள், அதுதான் அழகு. அந்த 25-ம் ஒரே மேகத்துக்குள் இருப்பவை, ஆகவே நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தூரம். வெள்ளக்கோவிலில் நின்று தாராபுரத்து விளக்குகளைப் பார்த்தால் எல்லா விளக்கும் சுமாராக ஒரே தூரம்தானே, அதில் ஒன்று பிரகாசமாகத் தெரிந்தால் அது நிஜமாகவே பிரகாசம், தூரத்தின் மேல் பழி போட முடியாது. தூரம் என்ற குழப்பத்தைத் தூரத்தை வைத்தே அடித்தார் அந்த அம்மா. 1921-இல் புற்றுநோயில் இறந்துபோனார். 1925-இல் ஸ்வீடனிலிருந்து ஒரு கணித அறிஞர், நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கலாம் என்று அவர் பேருக்கே கடிதம் எழுதினார், இறந்த செய்தி அவருக்கு எட்டவில்லை.

அந்தக் கோலை எடுத்து வீசியவர் எட்வின் ஹப்பிள். 1923 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் வில்சன் மலை மேல் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடா என்ற திட்டைப் படம் எடுத்தபோது அதில் ஒரு செபீட் மாட்டியது. லெவிட்டின் கணக்கைப் போட்டார், சுமார் ஒன்பது லட்சம் ஒளியாண்டு. நம்முடைய பால்வீதிக்குள் அடங்கவே அடங்காத தூரம், அப்படியானால் அது இன்னொரு பால்வீதி. ஒரே வீடுதான் உலகம் என்று நினைத்தவன் வெளியே வந்து தெருவைப் பார்த்த மாதிரி. சரி, இந்த இடத்தில் எல்லாரும் ஹப்பிளோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த கட்டத்தில் அவரோடு உட்கார்ந்து, இரவெல்லாம் மங்கலான கேலக்ஸிகளின் (பால்வீதி மாதிரியான நட்சத்திரக் கூட்டங்கள்) நிறமாலையை, அதாவது அவற்றின் வேகத்தைச் சொல்லும் நிறப் பட்டையை, பிடித்தவர் மில்டன் ஹியூமசன். அந்த மலைக்குச் சாமான் ஏற்றிய கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டிருந்தவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், வானாய்வகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து கடைசியில் வானியலாளரானவர். எங்கள் பள்ளியில் நான் அதிகம் சொன்ன பேர் இவருடையதுதான்.

கேலக்ஸிகள் விலகி ஓடுகின்றன, தூரமானவை வேகமாக ஓடுகின்றன என்பதை ஹப்பிள் 1929-இல் வெளியிட்டார். வேகத்தை அளப்பதை 1912-லேயே தொடங்கி வைத்தவர் ஸ்லைஃபர் என்பவர். பிரபஞ்சமே விரிகிறது என்று 1927-இல் பிரெஞ்சு மொழியில், அதிகம் பேர் படிக்காத ஒரு பெல்ஜிய இதழில் எழுதிவிட்டவர் லெமெய்த்ர் என்ற பாதிரியார். 1931-இல் அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தபோது முக்கியமான பத்தியே காணோம், யாரோ சதி செய்து வெட்டினார்கள் என்று ரொம்ப நாள் பேச்சு இருந்தது. 2011-இல் பழைய கடிதங்களைத் தேடி எடுத்துப் பார்த்தால் வெட்டியவர் லெமெய்த்ரேதான். அதற்குள் ஹப்பிளின் கணக்கு வந்துவிட்டதால் தன் பழைய எண்களைத் திரும்ப அச்சிடுவானேன் என்று விட்டுவிட்டார். 2018-இல் உலக வானியலாளர்கள் ஓட்டுப் போட்டு அந்த விதியை ஹப்பிள்–லெமெய்த்ர் விதி என்று அழைக்கலாம் என்றார்கள்.

கோலில் தப்பு வந்த கதையையும் மறைக்கக் கூடாது. ஹப்பிளின் எண்களை நம்பினால் பிரபஞ்சத்தின் வயது இருநூறு கோடி வருஷம்தான் வந்தது, பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை. அம்மாவை விடப் பிள்ளைக்கு வயது அதிகம் என்கிற கதை. 1952-இல் பாடே என்பவர் செபீட்களில் இரண்டு சாதி இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டு அளந்துவிட்டோம் என்று கண்டுபிடித்ததும் ஒரே நாளில் எல்லாத் தூரமும் இரண்டு மடங்கானது. இன்றைக்கு ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு, பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி வருஷம்.

தூரம் போக, அது எதனால் ஆனது என்று சொன்னவர் செசிலியா பெய்ன். அவர் கையில் இருந்த கருவி, கல்கத்தாவிலிருந்து மேகநாத் சாகா 1920-இல் கொடுத்த சமன்பாடு. அதைப் போட்டுப் பார்த்து 1925-இல், நட்சத்திரம் என்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் என்று தன் ஆய்வேட்டில் எழுதினார். அன்றைக்குப் பெரிய தலையான ரஸல், இருக்கவே முடியாது என்றார். அந்தப் பெண்ணும் ‘இது அனேகமாக உண்மையாக இருக்காது’ என்று தன் முடிவுக்குத் தானே அடிக்குறிப்புப் போல எழுதிக்கொண்டார். நாலு வருஷம் கழித்து ரஸலே வேறு வழியில் போய் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகருக்கும் இதே மாதிரிதான். 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போகிற வழியில், செத்துக்கொண்டிருக்கும் நட்சத்திரம் ஓர் எல்லைக்கு மேல் கனமாக இருந்தால் வெண்குறுமீனாக, அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய சின்ன நட்சத்திரமாக, நிற்க முடியாது என்று கணக்குப் போட்டார் (இன்றைய மதிப்பில் சூரியனைப் போல 1.4 மடங்கு). 1935-இல் அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன் வானியலாளர் சபையில் வைத்து அதைக் கேலி செய்தார். நோபல் வந்தது 1983-இல்.

நம்ம பக்கத்துக்கு வருகிறேன். பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையைப் பாப்பாவுக்குத் தெரிந்திருக்கும், சந்திரயான்-1 திட்ட இயக்குநர். ஆனால் நான் சொல்ல வந்தது ஊட்டி. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறி முத்தொரைப் பக்கம் போனால், சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு ஒரு கம்பிவலைத் தொட்டி மாதிரி படுத்திருக்கும். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கட்டிய ரேடியோ தொலைநோக்கி, 1970 முதல் வேலை செய்கிறது. ஏன் ஊட்டி? அந்தச் சரிவு வடக்கு தெற்காக 11 டிகிரி சாய்ந்திருக்கிறது, அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரி. ஆகவே சரிவில் படுக்க வைத்தாலே அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும், ஒரே ஒரு திருப்பு திருப்பிக்கொண்டே போனால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒரே பொருளைப் பின்தொடரலாம். பணம் இல்லாத நாடு மலையையே ஸ்டாண்டாக வைத்துக்கொண்டது. பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப்போய் இதைக் காட்டியபோது கேள்வி கேட்டதெல்லாம் பட்டறைக்காரர் வீட்டுப் பையன்கள்தான், அவர்களுக்கு இந்தச் சிக்கனம் உடனே புரிந்தது. அங்கே செய்த வேலையும் லேசுப்பட்டதில்லை. நிலா ஒரு ரேடியோ மூலத்தை (ரேடியோ அலை அனுப்புகிற வானப் பொருளை) மறைக்கும்போது சமிக்ஞை எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று பார்த்து அந்த மூலத்தின் பருமனை அளந்தார்கள். 1975-இல் ஸ்வரூப்பும் கபாஹியும், தூரத்தில், அதாவது பழைய காலத்தில் இருந்த ரேடியோ மூலங்கள் இன்றிருப்பவை போல இல்லை என்று காட்டினார்கள். பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற கொள்கைக்கு அது எதிரான சாட்சி. அந்தக் கொள்கைக்குப் பலமான அடி 1965-லேயே பென்சியாஸும் வில்சனும் கொடுத்துவிட்டார்கள், ஆன்டெனாவில் புறா எச்சத்தைக் கழுவித் தள்ளிய பிறகும் போகாத இரைச்சல், பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம் என்று தெரிந்தபோது. ஊட்டி அதற்கு வேறு பக்கத்திலிருந்து வலு சேர்த்தது என்று சொல்வதுதான் நியாயம்.

இனி இன்னும் முடிவாகாததைச் சொல்லிவிடுகிறேன், பாப்பாவிடம் யாராவது எழுந்து கேட்பார்கள். 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவின் ஓரத்து நட்சத்திரங்கள் இருக்க வேண்டியதை விட வேகமாகச் சுற்றுவதைக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏதோ பிடித்து இழுக்கிறது என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள், அது என்ன பொருள் என்று இன்றுவரை யாரும் பிடித்துக் காட்டவில்லை. விரிகிற வேகத்திலும் சச்சரவு: ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கும் நொடிக்கு சுமார் 67 கி.மீ. என்று ஒரு வழியில் வருகிறது, செபீட் வழியில் 73 வருகிறது. கோலில் தப்பா, கொள்கையில் தப்பா என்பது தீரவில்லை. ஐன்ஸ்டைனை நான் இறக்கிச் சொல்ல மாட்டேன், விரிகிற பிரபஞ்சத்தைக் கணக்கில் எழுதவே அவர் சமன்பாடு வேண்டும், அவர் சொன்ன ஈர்ப்பு அலையை 2015-இல் பிடித்தும் விட்டார்கள். ஹாக்கிங் பெரிய மூளை, ஆனால் கருந்துளை கசியும் என்று அவர் சொன்னதை வானத்தில் இதுவரை யாரும் பார்க்கவில்லை, அதனால் ‘புரிய வைத்தவர்’ வரிசையில் நான் அவரை முன்னால் நிறுத்த மாட்டேன். இதற்கு என்னோடு சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள், வரட்டும்.

முதலிடம் கேட்டீர்கள், என் ஓட்டு லெவிட்டுக்கு. ஐந்து நிமிஷத்தில் பத்துப் பேரைச் சொன்னால் பெயர்தான் மிஞ்சும். லெவிட், ஊட்டித் தொலைநோக்கி, இந்த இரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு டார்ச்சையும் ஒரு சின்ன பல்பையும் கையில் எடுத்துப் போகட்டும், ‘இதில் எது பக்கம்?’ என்று கேட்டு ஆரம்பிக்கலாம். அப்புறம் கார்த்திகையில், நிலா இல்லாத இரவு எட்டரை ஒன்பது மணிக்கு, ஊருக்கு வெளியே தெருவிளக்கு எட்டாத ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். வடக்கே பார்த்து நின்று, நட்ட நடு உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கித் தேடினால் பஞ்சுப் பொட்டு மாதிரி மங்கலாக ஒன்று தெரியும், அதுதான் ஆண்ட்ரோமீடா. பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இருட்டில் கால்மணி நேரம் கண்ணைப் பழக்குங்கள், அதுவரை செல்போனை யாரும் எடுக்கக் கூடாது.